சத்தம் நின்றுபோன கார்

வண்டியில் சத்தம் வருகிறது என்று யாராவது வந்தால் எனக்குப் பயம் கிடையாது. நேற்றுவரை வந்த சத்தம் இன்றைக்குத் தானாக நின்றுவிட்டது என்று சொன்னால்தான் பயம் வரும். கடலூர் பட்டறையில் ஃபோர்மேன் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், வேலையில் மறக்க முடியாதது என்ன என்று கேட்டீர்கள். ஒரு வைகாசி மாதத்துச் சனிக்கிழமைதான்.

முன்பக்கச் சத்தம் என்றால் பாதிக்குப் பாதி ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். ரப்பர் புஷ் காய்ந்திருக்கும், மண் அடைத்திருக்கும். ஒருமுறை கம்மாபுரத்துக்காரர் ஒருவர், பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் கீச் கீச் என்கிறது என்று வந்தார். நாங்கள் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சீட்டுக்கு அடியில் அவர் பேத்தியின் ரப்பர் வாத்து கிடந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் சீட்டு அதை அமுக்கியிருக்கிறது. பட்டறையே சிரித்தது. இப்படிச் சிரித்துப் பழகிய இடத்தில்தான் மலர்விழி டீச்சரின் வண்டி வந்து நின்றது.

டீச்சர் வீடு மஞ்சக்குப்பத்தில், நான் வேலை முடிந்து போகிற வழியில். கணவர் பழனிவேல் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர். அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன, பழனிவேலும் வீட்டில் இருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் வாசலில் நின்று என்னை நிறுத்தினார்.

“அண்ணே, ஸ்டியரிங்க ஒடிச்சா முன்னாடி கிறீச்சுனு கத்துது. தெருவுல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. என்னான்னு பாருங்களேன்.”

எஞ்சினைப் போட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னேன். நான் குனிந்து இடது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தேன். சத்தத்தைக் காதால் தேடினால் அது ஏமாற்றும், முன்னால் வருவது பின்னால் வருவதுபோலக் கேட்கும். விரலை வைத்தால் ஏமாற்றாது. கீழ்ப்பக்கத்து பால் ஜாயிண்டில் விரல் பட்டதும் அது அதிர்வது தெரிந்தது. மேலே மூடியிருந்த ரப்பர் கிழிந்து, உள்ளே சேறு காய்ந்து போயிருந்தது.

பால் ஜாயிண்ட் என்றால் நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். ரப்பர் கிழிந்தால் கிரீஸ் போய்விடும், தண்ணீர் இறங்கும், இரும்பை இரும்பு தின்னும். அந்தத் தின்னும் சத்தம்தான் தெருவுக்கே கேட்டது. இதை இப்படியே டீச்சரிடம் சொன்னேனா என்றால், இல்லை. “மூட்டு தேஞ்சிருக்கு டீச்சர், புதுசு வரவழைச்சு மாத்தணும். சனிக்கிழமை சலீம் வந்து வண்டிய எடுத்துக்குவான். அதுவரைக்கும் எடுக்காதீங்க” என்றேன். சரி என்று தலையாட்டினார். நானும் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை பார்சலில் பார்ட் வந்தது. சலீம் எங்கள் மூத்த மெக்கானிக், முன்பக்க வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, வண்டி இங்க இல்ல. டீச்சர் சிதம்பரத்துல ஒரு கல்யாணத்துக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களாம்.”

“அந்த வண்டியையா? சத்தம் போடுமேடா!”

“சத்தம் நின்னுடுச்சாம்ணே. பழனி மச்சான் சரி பண்ணிட்டாராம். இருங்க, அவரே பேசுறாரு.”

பழனிவேல் சந்தோஷமாகப் பேசினார். “ஒங்களுக்கு ஒரு வேல மிச்சம் சார். நேத்து சும்மாதான இருந்தேன், மெடிக்கல்ல ஊசி ஒண்ணு வாங்கி, அந்தக் கிழிஞ்ச ரப்பருக்குள்ள எஞ்சின் ஆயில ஏத்தினேன். ஜாஸ்தியாவே வுட்டேன். பொசுக்குனு அடங்கிடுச்சி சார்! மலரு நம்பவே இல்ல. ராத்திரி ரெண்டு தெரு ஓட்டிப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னுச்சி.”

அந்த மூட்டில் இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதன் வாயையும் எண்ணெய் ஊற்றி அடைத்தாயிற்று. தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கிறது. ஒரு பள்ளமோ, வேகத்தில் ஒரு திருப்பமோ கிடைத்தால் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும், சக்கரம் மடங்கிவிடும். சிதம்பரம் சாலையோ இப்போது நாலு வழிச் சாலை. யாரும் மெதுவாகப் போவதில்லை.

நான் பேசாமல் இருந்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“சார்? என்னா சார்? எதுனா தப்பா பண்ணிட்டனா?” குரல் மாறிவிட்டது. “சார், எம் பொண்ணும் கூடப் போயிருக்கு சார்.”

“வண்டியில வேற யாரு?”

“கஸ்தூரி டீச்சரு. மலரு ஸ்கூல்தான். மொத்தம் மூணு பேரு. நான் இப்பவே போன் போட்டு நிறுத்தச் சொல்றேன்…”

“வேணாம்! நீங்க பேசாதீங்க. இந்தப் போன சலீம்கிட்ட குடுங்க… சலீம், அவர் போனை வாங்கி வெச்சுக்கோ. அவரை ஏத்திக்கிட்டு உடனே இங்க வா.”

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த மனிதர் பேசினால் என்ன சொல்லியிருப்பார்? நிறுத்து, சக்கரம் கழண்டுடும் என்று கத்தியிருப்பார். ஓட்டுகிற பெண் பதறி, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்திருப்பார். அந்த மூட்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது நினைத்தால் அதைத்தான் செய்வார்கள். நாம் சொல்லும் எச்சரிக்கையே ஆளைக் கொன்றுவிடும். போனைக் கையில் எடுத்தபோது எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். பக்கத்தில் இருந்த டயரின் மேல் உட்கார்ந்தேன்.

டீச்சர் போன் முழுக்க அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனம் என்னென்ன பார்த்தது என்று சொல்ல மாட்டேன். மறுபடி அடித்தேன். எடுத்தது ஒரு சிரிப்புக் குரல். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“சார், நான் கஸ்தூரி டீச்சர் பேசுறேன். மலர் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடட்டுமா?”

“வேணாம் டீச்சர், வேணாம். நீங்களே கேட்டுச் சொல்லுங்க. எங்க போறீங்க இப்ப?”

“புதுச்சத்திரம் தாண்டியாச்சி சார். முகூர்த்தத்துக்கு லேட்டாயிடுச்சின்னு பறந்துக்கிட்டு இருக்கோம்!”

பறந்துகொண்டு இருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் வெள்ளாற்றுப் பாலம்.

“டீச்சர், வண்டியில சின்ன வேல ஒண்ணு பாக்கி நிக்குது. நான் பின்னாடியே வந்துக்கிட்டு இருக்கேன். ரோட்டு ஓரத்துலயே முடிச்சிக் குடுத்துடுவேன்” என்றேன். நான் பட்டறையில் டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். பொய்தான். பொய் சொல்லும்போது குரல் நிதானமாக வந்தது, அது எனக்கே ஆச்சரியம்.

“இப்பவா சார்? வர்றப்ப பாத்துக்கக் கூடாதா? தாலி கட்டிடுவாங்க சார்.”

“கட்டறதுக்குள்ள நானே உங்கள மண்டபத்துல கொண்டாந்து விடறேன். நான் சொல்றத மட்டும் ஒண்ணொண்ணா அவங்ககிட்ட சொல்லுங்க. அவசரமே இல்ல. மொதல்ல ஆக்ஸிலேட்டர்லேருந்து கால எடுக்கச் சொல்லுங்க. வண்டி தானா மெதுவாகட்டும்.”

“மலரு, ஆக்ஸிலேட்டர வுடுங்கிறாரு உங்க மெக்கானிக்கு. ஆ, வுட்டாச்சி சார்.”

“ரோடு நேராத்தான இருக்கு? இண்டிகேட்டர் போடச் சொல்லுங்க. பிரேக்க அமுக்க வேணாம், தடவுனா போதும். ஸ்டியரிங்க ஒடிக்காம, கொஞ்சங் கொஞ்சமா இடது பக்கம் வரணும். தாரை விட்டு மண்ணுல இறங்க வேணாம், அந்த ஓரக் கோட்டு மேலயே நின்னா போதும்.”

கஸ்தூரி டீச்சர் ஒவ்வொன்றையும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோலத் திருப்பிச் சொன்னார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். இண்டிகேட்டர் அடிப்பது எனக்குக் கேட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. வண்டியின் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஹேண்ட் பிரேக் இழுக்கும் ஓசை.

“நின்னாச்சி சார்” என்றார். “போதுமா?”

“எல்லாரும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க டீச்சர். நான் வர்ற வரைக்கும் வண்டிய யாரும் தொடாதீங்க.”

போனை வைத்ததும் பார்சலில் வந்த புது பால் ஜாயிண்டையும் ஜாக்கியையும் எடுத்து வைத்தேன்.

சலீம் பட்டறை வண்டியை ஓட்ட, நானும் பழனிவேலும் போனோம். புயலில் படகைக் கரை சேர்த்த மனிதர் அவர். அன்றைக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்போது, “கடல்ல எது கத்துனாலும் எண்ணெ வுடுவோம் சார்” என்றார்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றிருந்தது. ஒரு புங்க மரத்து நிழலில் பட்டுப்புடவையோடு இரண்டு டீச்சர்களும், பாவாடை தாவணியில் பழனிவேலின் மகளும். பழனிவேல் எங்கள் வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி ஓடி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தது.

மலர்விழி டீச்சருக்கு என்மேல் கோபம். “என்னாண்ணே இது? சத்தம் துளிகூட இல்ல. வழியெல்லாம் வெண்ணெயாட்டம் ஓடிச்சி. ரோட்டுல நிக்க வெச்சிட்டீங்களே.”

“நான் எடுக்காதீங்கன்னு சொன்னேனே டீச்சர்.”

“சத்தத்துக்குத்தானண்ணே சொன்னீங்க? அதான் நின்னுடுச்சே.”

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. அவருக்குச் சத்தம்தான் வியாதி. சத்தம் போனால் வியாதி போயிற்று. எனக்கு விளங்கியது அவருக்கும் விளங்கியிருக்கும் என்று நான் நினைத்தேன், அவ்வளவுதான். நீங்கள் வாடிக்கையாளரிடம் பேசும்போது, எது தேய்ந்திருக்கிறது, அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் பயந்தாலும் பரவாயில்லை.

சலீம் குனிந்து சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. “கெட்டியாத்தாண்ணே இருக்கு” என்றான், கொஞ்சம் சங்கடத்தோடு. கஸ்தூரி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழனிவேல் முகத்தில்கூட ஒரு வெளிச்சம் வந்தது. “சார், ஒண்ணும் ஆவலையே. வேணும்னா நானே மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துடறேன். பாலம் தாண்டுனா மண்டபந்தான்” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. இத்தனை பேர் முகத்துக்கு முன்னால், ஒரு குறையும் தெரியாத வண்டியை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிப்பது சுலபமில்லை. வண்டியின் பாரம் மேலே உட்கார்ந்திருக்கும்போது தேய்மானம் வெளியே தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை நம்புவதற்கும் அந்த நேரத்தில் ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது.

“மாத்தாம இது ஒரு அடி நகராது” என்றேன். “சலீம், எஞ்சினப் போட்டு முழுசா இடது பக்கம் ஒடி. மூட்டு வெளிய தெரியட்டும், பாத்துட்டு ஜாக்கி வெப்போம். நீங்கள்லாம் தள்ளி நில்லுங்க.”

சலீம் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். பாதிதான் திரும்பியிருக்கும்.

டொக்.

தேங்காய் உடைவது மாதிரி, அவ்வளவு சின்னச் சத்தம். சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே பிதுங்கிச் சரிந்தது. வண்டி இடது பக்கம் மண்டியிட்டதுபோல் முகம் தாழ்ந்து நின்றது. சலீம் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அப்படியே அந்தரத்தில் வைத்திருந்தான். இத்தனை வருடம் வேலை செய்தவன் நான். மூட்டு கழன்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் இழுத்துக்கொண்டு வரப்பட்டவை. என் கண்ணெதிரே, நின்றுகொண்டிருந்த இடத்தில், அத்தனை அமைதியாக ஒன்று கழன்று விழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு பஸ் எங்களைக் கடந்து பாலத்தை நோக்கிப் பாய்ந்தது. மலர்விழி டீச்சர் அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழனிவேல் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நாந்தான் ஊத்துனேன்… நாந்தான் ஊத்துனேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி டீச்சருக்குப் படபடப்பு அடங்கி ஆத்திரம் வந்தது. “ஏங்க, தெரியாத வேலைய எதுக்குங்க தொடணும்? இப்ப எங்க மூணு பேரையும்…”

“டீச்சர்” என்று நான் குறுக்கே பேசினேன். “அவங்க வண்டி கத்துதுன்னு தெருவே பாத்துச்சி. அவர் பொண்டாட்டி தலை குனியக் கூடாதுன்னுதான் செஞ்சாரு.” மலர்விழி டீச்சர் யாரையும் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ஆளைச் சும்மா உட்கார விடாதீர்கள். ஆறுதல் சொல்லிப் பயனில்லை, காதில் ஏறாது. நான் பழனிவேலின் கையைப் பிடித்துத் தூக்கி, ஜாக்கியைக் கொடுத்தேன். “இதப் புடிங்க. சலீம் சொல்ற எடத்துல வையுங்க.” படகு எஞ்சின் பிரித்துப் பழகிய கை, கொஞ்ச நேரத்தில் தானாக வேலைக்குள் இறங்கிவிட்டது. பழைய மூட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். உருண்டை ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தது. சுற்றிலும் அவர் ஊற்றிய எண்ணெய், புதுசாகப் பளபளத்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புது மூட்டைப் பூட்டும் கடைசி நட்டை அவரையே முறுக்கச் சொன்னேன். அதன்மேல் நான் ஒருமுறை இறுக்கிப் பார்த்தேன், சலீம் ஒருமுறை பார்த்தான். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்ப்பதில் யாருக்கும் அவமானமில்லை. முன்பக்க வேலையில் அது கட்டாயம்.

மலர்விழி டீச்சர் சாவியை வாங்க மறுத்துவிட்டார். “நீங்களே ஓட்டுங்கண்ணே” என்றார். நானே ஓட்டினேன். பழனிவேல் சலீமோடு பட்டறை வண்டியில் பின்னால் வந்தார், இந்த வண்டியில் ஏறவில்லை.

சிதம்பரத்தில் மண்டபத்துக்குப் போனபோது தாலி கட்டி முடிந்து, பந்தி ஓடிக்கொண்டிருந்தது. என் வாக்கு பொய்த்துப்போனதைக் கஸ்தூரி டீச்சர் கேட்கவில்லை. பெண்கள் உள்ளே போனார்கள். சலீம் தண்ணீர் குடிக்கப் போனான். பழனிவேல் மட்டும் வாசலில், அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றார்.

“உள்ள வாங்க, சாப்பிடலாம்” என்றேன்.

“நீங்க போங்க சார். எனக்குப் பசி இல்ல.” பிறகு, “எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு சார் அவ எதுக்க உக்கார்றது? ரோட்டுலயே ஒரு வார்த்த திட்டியிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன்” என்றார்.

வண்டியைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், இதற்கு என்னிடம் ஸ்பேனர் கிடையாது. இரண்டு பேரும் வெயிலில் நின்றோம்.

பழனிவேலின் பெண் தாவணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தது.

“அப்பா, வா. எல போட்டாச்சி.”

பழனிவேல் தலையைத் தூக்கவில்லை. “அம்மா என்னாடி சொல்லுச்சி?”

“ஒண்ணும் சொல்லல. ஆனா பக்கத்து எலையில யாரையும் உக்கார வுட மாட்டேங்குது. வர்றவங்க எல்லாம் சண்டைக்கு வராங்க. சீக்கிரம் வாப்பா.”